மாங்கனி வந்த வழி - கூடை முதல் அட்டைப்பெட்டி வரை

காரைக்கால் மாங்கனித் திருவிழாவைப் பற்றி பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் விழா அது. பிச்சாண்டவர் கோலத்தில் சிவபெருமான் வீதியுலா வரும்போது, தெருவின் இருபக்கமும் உள்ள வீட்டு மாடிகளில் இருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் கையேந்தியும் துணி விரித்தும் பிடிக்கும். பிடித்த பழம் பிரசாதம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காரைக்கால் நெல் விளையும் டெல்டாவின் கடலோர ஊர். வீட்டுக் கொல்லைகளில் மாமரங்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டின் பெரிய மாந்தோப்புகள் இருப்பது சேலம், கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டுக்கல், தேனிப் பக்கம். அங்கிருந்து காரைக்காலுக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரமும் ஒரு பழம்கூட அடிபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடுக்கிக் கொண்டுவரும் பொருளை, கடைசியில் மாடியில் இருந்து வீசி எறிகிறார்கள்!

வீசுவது ஒரு நாள் கூத்து. அடிபடாமல் கொண்டுவருவதோ பல நூற்றாண்டுக் கதை. அந்தக் கதையில் வருபவர்கள் ராஜாக்கள் அல்ல. கூடை, வைக்கோல், சும்மாடு, மரப்பெட்டி இவைதான். எந்தப் பழம் ஊர் விட்டு ஊர் போகும், எது பிறந்த ஊரிலேயே நின்றுவிடும், வழியில் அழுகினால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதையெல்லாம் முடிவு செய்தவை இந்தச் சாதாரணப் பொருட்கள்தான்.

இரண்டு மாம்பழங்கள்

விழாவுக்குக் காரணமான கதை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் இருக்கிறது. காரைக்காலில் வாழ்ந்த வணிகன் பரமதத்தனிடம் சிலர் இரண்டு மாங்கனிகளைக் கொடுக்கிறார்கள். அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறான். மனைவி புனிதவதி ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைக்கிறாள். மதியம் உணவுக்கு வந்த கணவன் ஒரு பழத்தைச் சாப்பிட்டு, சுவை பிடித்துப்போய் இரண்டாவதையும் கேட்கிறான். அவள் இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. அதன் சுவை முன்னதைவிட அதிகமாக இருந்ததால் கணவனுக்குச் சந்தேகம். புனிதவதி காரைக்கால் அம்மையார் ஆகும் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

பக்தியை ஒருபக்கம் வைத்துவிட்டு ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரிய வணிகன் வீட்டுக்கு வந்தது ஒரு கூடைப் பழம் அல்ல, இரண்டே இரண்டு. அதுவும் கையில் கொடுத்து, கையில் அனுப்பப்பட்டது. நன்கு பழுத்த மாம்பழம் பழைய காலத்தில் பெரும்பாலும் இப்படித்தான் பயணம் செய்திருக்க முடியும். கைக்குக் கை, அன்றைக்கு அன்றே.

சங்க இலக்கியத்திலும் ஒரு மாம்பழப் பயணம் உண்டு. குறுந்தொகையில் பரணர் பாடிய நன்னன் கதை அது. ஆற்றில் மிதந்து வந்த அவனுடைய காவல் மரத்துக் காயை ஒரு பெண் தின்றுவிட்டாள் என்பதற்காக நன்னன் அவளைக் கொன்றான் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. மிதந்து வந்தது பச்சைக் காய், பழுத்த பழம் அல்ல. தொலைதூரம் போவது காய்தான் என்ற இயற்கை விதி அந்தக் கதையிலும் சரியாகவே இருக்கிறது.

மாம்பழத்தின் நான்கு எதிரிகள்

பழத்தைப் பொதிவதற்கு ஏன் தனியாகக் கருவிகள் வேண்டும்? மாம்பழத்துக்கு வழியில் நான்கு எதிரிகள் இருக்கிறார்கள்.

முதலாவது அதன் பால். காம்பை ஒட்ட ஒடித்தால் பீறிட்டு வரும் பால் தோலைச் சுட்டுக் கறுப்பாக்கிவிடும். பிறகு அந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். அதனால்தான் கொஞ்சம் காம்போடு பறித்து, கவிழ்த்து வைத்துப் பால் வடிய விடுகிறார்கள்.

இரண்டாவது எடை. மேலே உள்ள பழங்கள் கீழே உள்ளவற்றை அழுத்தும். கூடை ஆழமாக ஆக, அடியில் நசுங்குவதும் அதிகமாகும்.

மூன்றாவது அதிர்ச்சி. குண்டும் குழியுமான பாதையில் வண்டி குலுங்கும்போது பழங்கள் ஒன்றோடொன்று உரசும். வெளியே தெரியாத உள்காயம் இரண்டு நாள் கழித்துக் கறுப்பாக வெளிப்படும்.

நான்காவது சூடு. பறித்த பிறகும் பழம் சுவாசிக்கிறது. காற்றோட்டம் இல்லாமல் குவித்து வைத்தால் உள்ளே வெப்பம் ஏறும். எத்திலீன் என்ற வாயுவும் சேரும். பழங்களே எத்திலீனை உண்டாக்குகின்றன என்பதை 1934-ல் ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஆப்பிளில் நிரூபித்தார். ஒரு பழம் பழுத்தால் பக்கத்துப் பழமும் பழுக்கும் என்பது நம் பாட்டிகளுக்கு அதற்கு முன்பே தெரியும்!

தோப்பில் இருந்த கருவிகள்

பொதிவது கூடையில் தொடங்குவதில்லை, மரத்திலேயே தொடங்கிவிடுகிறது. கொக்கி மட்டும் உள்ள தொரட்டியால் இழுத்தால் காய் தரையில் விழும். விழுந்த காய் எந்தக் கூடையில் வைத்தாலும் அழுகும். அதனால் தொரட்டியின் நுனியில் ஒரு வலைப் பையைக் கட்டினார்கள். காய் அறுந்து வலைக்குள் விழும். மகாராஷ்டிரத்தின் தாபோலியில் உள்ள கொங்கண் வேளாண் பல்கலைக்கழகம் இதே தத்துவத்தில் கத்தியும் வலையும் சேர்ந்த 'நூதன்' என்ற பறிகருவியை உருவாக்கியது. காம்போடு சேர்த்து அறுப்பதுதான் அதன் சிறப்பு.

அடுத்தது கூடை. மூங்கிலைப் பிளந்து சிம்பு எடுத்து முடைந்த கூடையில் இடைவெளி இருப்பதால் காற்று போகும். எடை குறைவு. கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. உள்பக்கம் இருக்கும் சிம்பு முனை பழத்தைக் குத்தும். கூடைமேல் கூடையை அடுக்கினால் அடிக்கூடை அமுங்கி, சுமை பழத்தின்மேல் இறங்கும்.

முதல் குறைக்கு மருந்து வைக்கோல். கூடையின் அடியிலும் ஓரத்திலும் வைக்கோலைப் பரப்பி, ஒரு அடுக்கு காய், ஒரு அடுக்கு வைக்கோல் என்று வைத்து, மேலே மூடிச் சாக்குத் துணியோ தென்னங்கீற்றோ போட்டுக் கயிற்றால் தைப்பார்கள். சம்பா அறுவடை முடிந்து சில மாதங்களில் மாம்பழக் காலம் வந்துவிடும் என்பதால், நெல் விளையும் ஊர்களில் வைக்கோல் போர் தயாராக நிற்கும். செலவில்லாத மெத்தை!

தூக்குவதற்கும் கருவி உண்டு. தலையில் வைக்கும் சும்மாடு வெறும் துணிச்சுருள்தான். ஆனால் கூடையின் சுமையைப் பரப்பி, நடையின் அதிர்வையும் குறைக்கும். தோளில் தூக்கும் காவடித் தடி மூங்கிலால் ஆனது. நடக்கும்போது அது வில் போல மேலும் கீழும் ஆடுவதால் கூடைக்கு அதிர்ச்சி குறைவு. இவற்றோடு ஒப்பிட்டால் இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டி பழத்துக்கு எமன்தான். வில் இல்லாத வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் நேராகக் கூடைக்கே போகும். வண்டியின் அடியிலும் வைக்கோலைப் பரப்பியதற்குக் காரணம் இதுதான்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

இந்தப் பிரச்சினை மாம்பழத்துக்கு மட்டும் உரியதல்ல. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தை ஆண்ட கலீபா மாமூனுக்கு, மத்திய ஆசியாவின் குவாரிஸம் பகுதியில் இருந்து முலாம்பழங்களை ஈயப் பெட்டியில் பனிக்கட்டி வைத்து அனுப்பினார்கள் என்று அரபு நூல்கள் கூறுகின்றன.

ஆப்கானிஸ்தானில் 'கங்கினா' என்று ஒரு முறை இன்றும் உண்டு. களிமண்ணில் இரண்டு கிண்ணங்கள் செய்து, வெயிலில் காயவைத்து, உள்ளே திராட்சையை வைத்து, விளிம்பை ஈரமண்ணால் பூசி மூடிவிடுவார்கள். பனிக்காலம் முழுவதும் திராட்சை கெடாமல் இருக்கும். காபூலில் இருந்து இந்தியாவுக்கு வந்த திராட்சை வேறு விதம். வட்டமான மரப்பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கி வந்தது. தாகூரின் காபூலிவாலா சிறுகதையில் அந்த வியாபாரி திராட்சைப் பெட்டிகளோடுதான் தெருவில் வருகிறான்.

மாம்பழத்துக்கு என்று ஒரு அருமையான குறிப்பு, அக்பர் காலத்தில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் இருக்கிறது. பாதி பழுத்த காயை இரண்டு விரல் நீளக் காம்போடு பறித்து, காம்பு வெட்டுப்பட்ட இடத்தைச் சூடான மெழுகால் அடைத்து, வெண்ணெயிலோ தேனிலோ வைத்தால் இரண்டு மூன்று மாதம் சுவை மாறாது என்கிறார். பாலும் வெளியே வராது, கிருமியும் உள்ளே போகாது, காற்றும் படாது. நான்கு எதிரிகளில் மூவரை ஒரே அடியில் வீழ்த்தும் வழி! ஆனால் ஒரு பானைத் தேன் செலவழித்து மாம்பழம் அனுப்ப அரண்மனையால்தான் முடியும். சாதாரண வியாபாரிக்கு வைக்கோல்தான்.

கப்பல் ஏறாத பழம்

1739-ல் தஞ்சை மராட்டிய அரசிடம் இருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பின்னாளில் அது சுற்றிலும் ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டம் சூழ்ந்த ஒரு தனித்தீவு போல இருந்தது. துணி, அரிசி என்று பல சரக்குகள் அந்தக் கரையில் கப்பல் ஏறின. 19-ஆம் நூற்றாண்டில் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் ஏற்றப்பட்டார்கள்.

ஆனால் மாம்பழம் மட்டும் அந்தத் தூரம் போக முடியவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும் பாய்மரக் கப்பல் பயணத்தை எந்த வைக்கோல் கூடையும் தாங்காது. உப்பில் ஊறிய மாங்காய் போகும். 14-ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதாவே மாங்காய் ஊறுகாய் பற்றி எழுதியிருக்கிறார். பழம் போகாது.

அதனால் பழத்துக்குப் பதில் மரத்தையே அனுப்பினார்கள். 1782-ல் பிரெஞ்சுக்காரர்களின் மொரீஷியஸ் தீவில் இருந்து, இன்றைய ஹைட்டியான செயின்ட் டொமிங்கோவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலை ஆங்கிலேயக் கடற்படை வழிமறித்துப் பிடித்தது. அதில் மாங்கன்றுகள் இருந்தன. அவை ஜமைக்காவில் நடப்பட்டன. கன்றுகளுக்குப் பெயருக்குப் பதில் எண்கள்தான் இருந்தன. அந்த வரிசையில் வந்த 'நம்பர் லெவன்' என்ற மாம்பழம் இன்றும் ஜமைக்காவில் பிரபலம்!

கன்றை அனுப்புவதும் சுலபமல்ல. உப்புக் காற்றும் குடிநீர்ப் பஞ்சமும் செடியைக் கொன்றுவிடும். 1833-ல் நத்தேனியல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் தன் மூடிய கண்ணாடிப் பெட்டியில் செடிகளை சிட்னி வரை உயிரோடு அனுப்பிக் காட்டிய பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அதுவும் ஒரு பொதியும் கருவிதானே!

ரயிலும் மரப்பெட்டியும்

1861-ல் நாகப்பட்டினம் - தஞ்சாவூர் ரயில் பாதை திறக்கப்பட்டது. 1898-ல் பேரளத்தில் இருந்து காரைக்காலுக்கு சுமார் 23 கிலோமீட்டர் கிளைப்பாதை வந்தது. தோப்புகள் உள்ள உள்நாட்டு மாவட்டங்களும் கடலோரமும் தண்டவாளத்தால் இணைந்தன. நாள்கணக்கான வண்டிப் பயணம் ஒரு இரவாகச் சுருங்கியது.

ஆனால் ரயில் பழத்துக்குப் புதிய சோதனையையும் கொண்டுவந்தது. சும்மாட்டில் தூக்கிய ஆளுக்குக் கூடையில் என்ன இருக்கிறது என்று தெரியும். பார்சல் வேனில் அது பத்தோடு பதினொன்று. மேலே எதை வேண்டுமானாலும் வைப்பார்கள். எனவே அடுக்கினாலும் அமுங்காத மரப்பெட்டி தேவைப்பட்டது. பெட்டியின் சட்டமே சுமையைத் தாங்கும். பழத்தின்மேல் அது இறங்காது. பலகைக்குப் பலகை விட்ட இடைவெளியில் காற்று போகும். உள்ளே பழைய வைக்கோலே மெத்தை. கொங்கணத்தில் இருந்து மும்பைக்குப் போன அல்போன்சா மாம்பழத்துக்கும் வைக்கோல் போட்ட மரப்பெட்டிதான் அடையாளமாக இருந்தது.

அடுத்து வந்தது முக்கியமான கேள்வி. பழம் அழுகி வந்து சேர்ந்தால் யார் பொறுப்பு?

1890-ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டத்தின் கீழ் 'ரிஸ்க் நோட்' என்ற படிவங்கள் இருந்தன. சரக்கு சரியாகப் பொதியப்படவில்லை என்று ரயில்வே கருதினால், சேதத்துக்கு ரயில்வே பொறுப்பல்ல என்று அனுப்புபவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்த கட்டணத்தில் அனுப்ப வேண்டுமானால் இன்னொரு படிவம். அதிலும் அபாயம் சரக்கின் சொந்தக்காரருக்கே. கூடை முடைந்தவரின் கைவேலையும், வைக்கோல் அடைத்தவரின் பொறுமையும் இப்படி ஒரு சட்டக் கேள்வியாக மாறின. பலமான பெட்டிக்குக் காசு உள்ள பெரிய வியாபாரி தப்பித்தார். மெல்லிய கூடையில் அனுப்பிய சிறு தோப்புக்காரர் நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

பேரளம் - காரைக்கால் பாதை 1980-களில் மூடப்பட்டது. 2011-ல் நாகூர் வழியாக ரயில் மீண்டும் காரைக்காலுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் மாம்பழம் லாரிக்கு மாறிவிட்டது.

காகிதமும் பிளாஸ்டிக்கும்

நெளிவு அட்டையின் கதை தொப்பியில் தொடங்குகிறது. 1856-ல் இங்கிலாந்தில் உயரமான தொப்பிகளின் உள்பட்டைக்காக நெளிவுத் தாளுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1871-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைக் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றப் பயன்படுத்தினார். பிறகுதான் அது பெட்டியாகி, பழத்துக்கு வந்தது.

இந்தியாவில் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்ததில் ஆப்பிளுக்குப் பெரிய பங்கு உண்டு. இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் பெட்டிகளுக்காகவே காட்டு மரங்கள் வெட்டப்பட்டன. பழம் பெருகப் பெருகக் காடு குறைந்தது. அதனால் 1980-களில் அங்கே மரப்பெட்டியில் இருந்து அட்டைப்பெட்டிக்கு மாறும் முயற்சி தொடங்கியது. 2007-ல் இந்திய மாம்பழம் மீண்டும் அமெரிக்காவுக்குப் போனபோது, கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து சிறு சிறு அட்டைப்பெட்டிகளில்தான் போனது.

உள்ளூர்ச் சந்தைக்கு வந்தது வேறு. சுமார் 20 கிலோ கொள்ளும் பிளாஸ்டிக் கிரேட். கழுவலாம், அடுக்கலாம், பல முறை பயன்படுத்தலாம், பழத்தைக் குத்தாது. கூடையின் இரண்டு குறைகளையும் அது தீர்த்துவிட்டது. கூடவே கூடை முடைபவரின் பிழைப்பையும் குறைத்துவிட்டது.

இவ்வளவு வந்த பிறகும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடைக்கும் விற்பனைக்கும் இடையில் மாம்பழத்தில் சுமார் 9 சதவீதம் வீணாகிறது. நூற்றுக்கு ஒன்பது பழம்!

எந்தப் பழம் வந்தது, எது வரவில்லை?

நல்ல மாம்பழம் எது என்று கேட்டால் பலர் சேலத்து மல்கோவா என்பார்கள். நார் இல்லாத, சாறு நிறைந்த பெரிய பழம். ஆனால் மென்மையானது. மரம் அதிகம் காய்க்காது. நீலம் அப்படியல்ல. சிறியது, பறித்த பிறகு பல நாள் தாங்கும், தூரப் பயணத்துக்கு ஏற்றது. கிளிமூக்கு என்று அழைக்கப்படும் பெங்களூராவும் கெட்டித் தோலோடு குலுக்கலைத் தாங்கும். தூரத்து ஊர்ச் சந்தையில் நீலத்தையும் பெங்களூராவையும் சுலபமாகப் பார்க்க முடிவதற்கும், மல்கோவா விலை ஏறி நிற்பதற்கும் விளைச்சல் மட்டும் காரணமில்லை. பெட்டிக்குள் பிழைக்கத் தெரிந்த பழம் ஊர் சுற்றுகிறது, தெரியாத பழம் ஊரிலேயே நின்றுவிடுகிறது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. பழைய வைக்கோல் கூடை வெறும் பொதி மட்டும் அல்ல, அதுவே பழுக்க வைக்கும் அறை. பச்சையாக உள்ளே போன முற்றிய காய், வைக்கோலின் கதகதப்பிலும் தான் வெளியிட்ட எத்திலீனிலும் வழியிலேயே பழுக்கத் தொடங்கும். பயணமும் பழுப்பதும் ஒரே வேலை. லாரி வேகமானதும், காற்றோட்டமான கிரேட் வந்ததும் இந்த இரண்டும் பிரிந்தன. பச்சைக் காய் பச்சையாகவே சந்தைக்கு வந்து சேர்ந்தது. வியாபாரிக்கோ மறுநாளே மஞ்சள் பழம் வேண்டும். கார்பைடு கல் பரவலானதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். அதில் இருந்து வரும் அசெட்டிலீன் வாயு தோலை மஞ்சளாக்கும். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்ற நஞ்சுகளின் சுவடும் வரும். உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடால் பழுக்க வைப்பதைத் தடை செய்கின்றன. அதற்குப் பதில் அளவோடு எத்திலீன் வாயுவைச் செலுத்த அனுமதி உண்டு. வைக்கோல் சும்மா செய்த வேலையைச் செய்ய இப்போது தனி அறை, தனி இயந்திரம், தனிச் செலவு.

அதற்காகப் பழைய கூடைதான் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. அடிக்கூடையில் நசுங்கிய பழங்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பொதி மாறும்போது பழம் மட்டும் மாறுவதில்லை. அதன் வகை, சுவை, பழுக்கும் விதம், நஷ்டம் ஏற்பவர், பிழைப்பை இழப்பவர் என்று எல்லாமே மாறுகிறது.

அடுத்த ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்கால் போகிறவர்கள் மாடியில் இருந்து பறந்து வரும் ஒரு மாம்பழத்தைப் பிடித்தால், கடிப்பதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். காம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? பால் வடிந்த கறை இருக்கிறதா? எங்காவது அமுங்கியிருக்கிறதா? அது என்ன வகை, எந்தப் பெட்டியில் எப்படி வந்தது என்பதைப் பழமே சொல்லும். ஒரு காயமும் இல்லாமல் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், தோப்பில் தொரட்டி பிடித்தவரில் இருந்து கடைசியாகப் பெட்டியை இறக்கியவர் வரை முகம் தெரியாத பத்துப் பேரின் கவனம் அதில் இருக்கிறது என்று அர்த்தம்.